மூன்று கடகக் கதை

வாசிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வசனத்தின் கடைசிக்கு வருவதற்குள் அதன் முதல் எனக்கு மறந்துபோகிறது. எழுதியதைத் திரும்ப வாசித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. கொப்பியில் வெட்டும் கொத்துமாகத்தான் இதைக் கொடுக்கிறேன்.

எங்கள் வாசிகசாலைக்காரர் மலர் ஒன்று போடுகிறார்கள். "வாடியில் நீங்கள் சொல்லுற கதைகளில வாற வீரர்களைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம். மாட்டேன் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் வீரர்களைப் பற்றி யோசித்தால் எனக்கு அந்த ஒரு நாள்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

கரையில் கருவாடு போடுகிற கொட்டிலைத்தான் நாங்கள் வாடி என்போம். போட்டுகள் கொண்டுவரும் மீனைப் பெண்கள் சுற்றிவர இருந்து வெட்டி, குடல் எடுத்து, உப்புத் தொட்டிக்குள் போடுவோம். நான் அந்த இடத்தில் மட்டும்தான் வாய் திறப்பேன். கையில் கத்தியும் மீனும் இருந்து, கண் மீனில் இருந்தால் எனக்குக் கதை வரும். கையைத் துடைத்துவிட்டு இருந்தால் வராது.

ஒரு கடகத்துக்கு ஒரு கதை. அது எங்கள் வாடியின் வழக்கம். கடகம் என்றால் பனையோலைக் கூடை. அதில் மீன் முடிகிறபோது கதையும் முடிந்திருக்க வேண்டும். பாதிக் கதையை விட்டுவிட்டு எழும்பினால் தொட்டி மீனில் புழு விழும் என்று ஒரு சொல் இருக்கிறது. புழு விழுந்ததை நான் கண்டதில்லை. ஆனாலும் பாதியில் விட்டதும் இல்லை.

என் கதைகளில் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. துணிந்தவன், பயந்தவன், பொறுத்தவள், ஊருக்குப் புத்தி சொல்லித் தன் வீட்டைக் கோட்டைவிட்டவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணம்தான் பெயர். ஒரு குணத்தோடு வந்தவன் அதே குணத்தோடுதான் போவான். கேட்கிறவர்களுக்கு அது லேசு. கேட்டு முடிந்ததும் பெண்கள் ஊரைப் பங்குபோடுவார்கள். இது இன்னார், அது இன்னார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது நண்டுக் கதை. துணிந்தவனும் பயந்தவனும் இரண்டு வள்ளங்களில் கடலுக்குப் போகிறார்கள். துணிந்தவனின் வள்ளத்தில் பாய் கிழிகிறது. பயந்தவன் கயிறு போட்டு இழுத்து வருகிறான். காற்று எழும்புகிறது. பயந்தவன் கயிற்றை வெட்டிவிட்டுத் தனியே கரைக்கு வருகிறான். "அவன்தான் வெட்டச் சொன்னவன்" என்று ஊருக்குப் பொய் சொல்கிறான். ஊர் காறித் துப்புகிறது. அவன் வெட்கத்தில் நண்டாகி மணலுக்குள் ஒளிக்கிறான். அதனால்தான் காலடிச் சத்தம் கேட்டால் கரை நண்டு இன்றைக்கும் குழிக்குள் ஓடுகிறது.

இது ஒரு கடகக் கதை. என் தாய் எனக்குச் சொன்னது மூன்று கடகக் கதை. அந்த நாளில் மீன் அப்படி விழுந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு ஒரு கடகம் நிறைந்தாலே பெரிய காரியமாகிவிட்டது. கதையை ஒரு கடகத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. மீனுக்குச் செய்கிறதையே கதைக்கும் செய்தேன். தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததை எடுத்து எறிந்தேன்.

எங்கள் ஊரில் துணிந்தவன் யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் ஒருவரைத்தான் காட்டும். வெருகல் ஆறு பெருகிய வருடம், கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி ஒரு கிழவரையும் ஒரு பசுமாட்டையும் இழுத்து வந்தவர் அவர். கிழவரை விட மாடுதான் கூட உதைத்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி வாடியில் எனக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறவள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

பயந்தவன் என்றால் என் மருமகன். குச்சவெளியிலிருந்து என் மகளைக் கட்டி வந்தவர். போட்டைத் தள்ள முன்னம் மூன்று தரம் வானத்தைப் பார்ப்பார். கரைக்குக் கிட்ட வலை போட்டாலும் அந்தச் செம்மஞ்சள் மிதவை ஜக்கெட்டைக் கழற்ற மாட்டார். வாடிக்காரிகள் அவருக்கு வைத்த பெயர் "ஜக்கெட் மாப்பிள்ளை". அவர் கரையால் நடந்து போனால் ஒருத்தி, "பெரியம்மா, நண்டு வருது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பது போலப் போவார். நான் குனிந்து மீனை வெட்டுவேன். ஒரு நாளும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அந்த நாள் கச்சான் காற்று உரத்து வீசியது. கச்சான் என்றால் தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. ரேடியோவிலும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை. துணிந்தவர் மட்டும், முதல்நாள் விட்ட வலையை எடுக்கவென்று விடியவே தனியே போனார். "காத்துக்குப் பயந்தா, பொம்பிளையளோட இருந்து மீன் வெட்டுங்கோடா" என்று கரையில் நின்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் என்ஜினை இழுத்தாராம்.

பத்து மணிபோல என் மருமகனுடைய போன் அடித்தது. அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் அரிசி கழுவினேன். அவருடைய பக்கத்துக் கதை மட்டும் கேட்டது.

"ஓம் அண்ணை... ஓம். இல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்ல... ஓம், விளங்குது."

எழும்பி மூன்று தரம் வானத்தைப் பார்த்தார். ஜக்கெட்டைப் போட்டார். குசினிக்குப் பின்னால் இருந்த பெற்றோல் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"எங்க மகன், இந்தக் காத்துக்குள்ள?"

"மாமி, நான் போனது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். வந்திடுவன்."

நான் கதைக்கத் தெரியாதவள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவோடு விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் வாடியில் இருந்தோம். துணிந்தவரின் மனைவி நிமிடத்துக்கு ஒரு தரம் கடலைப் பார்த்தாள். முதல்நாள் உப்புக்குப் போடாமல் ஐஸில் வைத்திருந்த சூடை மீன் அரைக் கடகம் இருந்தது. வெட்டினோம். கதை கேட்க ஒருத்தருக்கும் மனம் இல்லை. இரண்டு மணியிருக்கும், ஒரு போட் தெரிந்தது. அவள் எழும்பி ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். செம்மஞ்சள் ஜக்கெட் தெரிந்தது.

என் மருமகன் இறங்கி இரண்டு அடி வைத்து மணலில் முழங்காலில் விழுந்தார். போன் நனைந்து செத்துப்போயிருந்தது. துணிந்தவரின் தமையன் போட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். அதன் நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கோ. இது அறுந்த கயிறில்லை. வெட்டின கயிறு. எங்கடா என்ர தம்பி?"

"அண்ணை, அவர்ர என்ஜின் நிண்டிட்டுது. நான் கட்டி இழுத்து வந்தனான். அலை வந்து முன்னால ஏறுது. பெற்றோலும் இல்லை. அவர்தான்... அவர்தான் வெட்டச் சொன்னவர்."

காற்று மட்டும் இரைந்தது. அந்த வசனம் என் கதையின் வசனம். எத்தனையோ கடகத்துக்கு மேல் குனிந்து, பயந்தவனின் குரலை மூக்கால் இழுத்து, அவர்கள் சிரிக்கும்படி நான் சொன்ன வசனம்.

வாடிக்காரி ஒருத்தி சொல்லியேவிட்டாள். "கதையில வாற மாதிரி அப்பிடியே சொல்லுறான் பாருங்கோடி."

தமையன் என் மருமகனை ஜக்கெட்டில் பிடித்துத் தூக்கினார். "அவன் உன்னட்ட வெட்டச் சொன்னவனோ? அவன் உன்னைக் கூப்பிட்டவனோ? ஊரில வேற ஆம்பிளை இல்லையெண்டு?"

"அவரை உங்கட போட்டில ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே?" என்று இன்னொருவர் கேட்டார்.

"கேட்டனான் அண்ணை. வரமாட்டன் எண்டிட்டார்."

"ஏன் வரமாட்டன் எண்டவன்?"

என் மருமகன் தலையைக் குனிந்தார். சொல்லாமல் விட்டதுதான் இன்னும் பிழையாகப் போயிற்று. ஒரு அறை விழுந்தது. என் மகள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் தமையனுக்குக் கிட்டப் போய், "காலம போன் வந்தது தம்பி, நான் கேட்டனான்" என்றேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது. "உங்கட மருமகன். நீங்கள் வேற என்னத்தச் சொல்லுவீங்கள்?" என்று என்னை ஒதுக்கிவிட்டார்.

நாலு போட் தள்ளினார்கள். கடற்படைக்கும் சொல்ல ஆள் போனது. தமையன் கிழக்கே கையை நீட்டினார். "கச்சான் அடிக்குது. போட் காத்தோடதான் போகும். நேர கிழக்கால போங்கோ."

மணலில் கிடந்த என் மருமகன் அதைக் கேட்டுத் துள்ளி எழும்பினார். "காத்தோட தேடாதேங்கோ அண்ணை! வலையைத் தண்ணிக்குள்ள விட்டு முன் அணியத்தில கட்டியிருக்கிறார். வலை தண்ணியைப் பிடிக்கும். போட் காத்தோட போகாது, தண்ணியோடதான் போகும். தண்ணி தெற்கால இழுக்குது. வெருகல் முகத்துவாரப் பக்கம் பாருங்கோ!"

"பாத்தீங்களோ? பிழையான பக்கம் எங்களை அனுப்பப் பாக்கிறான்."

இருந்த பெற்றோலுக்கு ஒரு பக்கம்தான் போகலாம். பொழுதுபட முதல் காணாவிட்டால் பிறகு காண்பது எப்படி என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பயந்தவன் சொல்லை நம்பாததால் துணிந்தவர் கடலோடு போகப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. நம்பாமல் இருக்க அவர்களுக்குப் பழக்கிவிட்டவளும் நான்தான்.

துணிந்தவரின் மனைவி வாடிக்குள் திரும்பி வந்து, கடகத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். கையில் கத்தி அப்படியே இருந்தது.

"உங்கட கதைதான் பெரியம்மா" என்றாள். "கடைசியில எனக்கெண்டு நடந்திட்டுது."

"புள்ள, அந்தக் கதையை நான் முழுசாச் சொல்லேல்ல."

"இப்ப எனக்குக் கதையா சொல்லப் போறீங்கள்?"

கரையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினேன். கடகத்திலிருந்து ஒரு சூடையை எடுத்தேன். தலைக்குக் கீழே கத்தியை வைத்தேன். வாய் திறந்தது. என் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று எனக்கே தெரியாது.

"கேளுங்கோ. நடுவில ஒரு கடகம் இருக்கு. அதை நான் வெட்டி எறிஞ்சிட்டன். காத்து எழும்பினவுடன பயந்தவன் சொன்னான், என்ர வள்ளத்துக்கு வா எண்டு. துணிஞ்சவன் வரமாட்டன் எண்டான். வள்ளமில்லாமக் கரைக்கு வந்தா நான் ஆர் எண்டு கேட்டான். பயந்தவன் அழுதான். அப்ப துணிஞ்சவன் சொன்னான், கயித்தை வெட்டு. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள தாண்டுபோனா நான் எங்க எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. கரையில ஒருத்தன் வேணும், நான் எங்க எண்டு சொல்ல. நீ பயந்தவன், நீ போய்ச் சேருவாய். அதாலதான் உன்னட்ட சொல்லுறன், வெட்டு. அவன் வெட்டினான். வெட்டினதுதான் அவன் செய்ததில பெரிய காரியம்."

இரண்டாவது மீனை எடுத்தேன். கை தானாக வெட்டியது.

"மூண்டாவது கடகம் இதுதான். அவன் கரைக்கு வந்து சொன்னான். ஊர் நம்பேல்ல. ஒருத்தரும் போகேல்ல. அவன் தனியத் திரும்பப் போனான். ரெண்டு பேரும் வரேல்ல. நண்டு வெக்கத்தில ஒளிக்கிறேல்ல புள்ள. ஓடி வந்து கரையைப் பாக்கிறதும், திரும்பிக் கடலைப் பாக்கிறதுமா அலையுது. ஆரும் போறாங்களோ எண்டு பாக்குது. அவ்வளவுதான் கதை. ஒருத்தரும் போகேல்ல."

அவள் எழும்பினாள். நேரே என் மருமகனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏன் உன்ர போட்டுக்கு வரமாட்டன் எண்டவர்? அவர் சொன்னதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சொல்ல வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவர் அக்கா."

"அவர் செத்தா ஆருக்கடா சத்தியம்?"

என் மருமகன் தமையனை ஒரு தரம் பார்த்தார். "போன் எடுத்ததை ஒருத்தருக்கும் சொல்லாத எண்டவர். பெரிய ஆக்களைக் கூப்பிட்டா ஊர் முழுக்கச் சொல்லித் திரிவாங்கள், நீயெண்டா வாய் திறக்க மாட்டாய் எண்டவர். போட்டை விட்டிட்டு உன்ர ஜக்கெட்டைப் பிடிச்சுக்கொண்டு நான் கரையில இறங்கிறதிலும் பாக்க, மீன் திண்டிட்டுப் போகட்டும் எண்டவர்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இது அந்த மனுசன்ர வாய்தான். இதை இவனால கட்டிச் சொல்ல ஏலாது." தமையன் பக்கம் திரும்பினாள். "அத்தான், தெற்கால போங்கோ."

"விசர்க் கதை கதையாத புள்ள."

"என்ர புருசன். நான் சொல்லுறன். நாலு போட்டும் ஒரு பக்கம் போகத் தேவையில்லை. ரெண்டு நீங்கள் சொல்லுற பக்கம் போகட்டும். ரெண்டு இவன் சொல்லுற பக்கம் போகட்டும். இவனையும் ஏத்துங்கோ. பொய்யெண்டா கடலுக்குள்ளயே வைச்சுக் கேளுங்கோ."

இரண்டு இரண்டாகப் பிரிந்தன. தமையன் தெற்கே போகிற போட்டில்தான் ஏறினார். என் மருமகனைத் தன் கண்ணில் படும்படி அணியத்தில் இருத்தினார். போட் தள்ளுகிறபோது என் மருமகன் வானத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். என் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடலுக்குள்ள வைச்சுக் கேளுங்கோ எண்டு சொன்னாளே அம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காத்திருந்ததை எழுத எனக்குத் தெரியாது. மிச்ச மீன் முழுவதையும் வெட்டி முடித்தேன். வெட்ட ஒன்றும் இல்லாமல் போனதும் கத்தியைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

வெயில் சாய்ந்தது. கிழக்கே போன போட்டுகள்தான் முதலில் வந்தன. இறங்கியவர்கள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கத் தேவை இருக்கவில்லை. துணிந்தவரின் மனைவி கரையில் தெற்கே பார்த்தபடி நின்றாள். அவளுடைய காலடியில் நண்டுகள் வெளியே வந்து நின்றன. அவள் அசையவில்லை, அவையும் ஓடவில்லை.

பிறகு தெற்கே ஒரு புள்ளி. அதற்குப் பின்னால் ஒன்று. போனது இரண்டு. இரண்டுதான் வருகிறதென்றால் அவரில்லை. அவள் வாய்விட்டு எண்ணினாள். "ஒண்டு. ரெண்டு." நிறுத்தினாள். எனக்குக் கண் சரியில்லை. என் மகள்தான் கத்தினாள். "மூண்டு! கட்டி இழுத்து வருகினம்! மூண்டு!"

துணிந்தவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு வெடித்திருந்தது. மணலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். தமையன் அவர் முன்னால் குந்தி, ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

"இவன் சொல்லுறான், நீதான் கூப்பிட்டனியாம். நீதான் கயித்தை வெட்டச் சொன்னனியாம். மெய்யோ பொய்யோ?"

அவர் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அவருக்குக் கிட்டத்தான் நின்றேன். அந்த மனிதரின் கண்ணில் பயத்தை அன்றைக்குத்தான் கண்டேன். ஆறு பெருகியபோது இல்லாத பயம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவர் துணிந்தவராகவே இருந்துவிடலாம். என் மருமகன் ஜக்கெட்டின் வாரைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெய்" என்றார் அவர். இன்னும் ஒரு மிடறு குடித்தார். "நான்தான் கூப்பிட்டனான். ரெண்டு தரம் வெட்டடா எண்டு சொன்னனான், வெட்டேல்ல. மூண்டாந்தரம் தூசணத்தால ஏசினனான். அதுக்குப் பிறகுதான் வெட்டினவன். அதுவும் அழுது அழுது. அந்தக் கத்தியால ஒரு கயிறு வெட்ட இவ்வளவு நேரம் எடுத்தவனை நான் கண்டதில்லை. உங்கட வாடியில விட்டீங்கள் எண்டா, ஒரு மீனை ரெண்டு நாளைக்கு வெட்டுவான்."

சனம் சிரித்தது. அழுத கண்ணோடு சிரித்தது. தமையன் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் எங்கள் வேலிப் படலையில் ஒரு பெரிய அறுக்குளா மீன் தொங்கியது. யார் கட்டியது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மருமகன் அதை இறக்கி, வானத்தை மூன்று தரம் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டு போனார்.

இப்போது கடகம் எவ்வளவு குறைந்திருந்தாலும் நான் நண்டுக் கதையைக் கயிற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். பழைய மாதிரிச் சொல்லுங்கோ என்று சில பெண்கள் கேட்கிறார்கள். அதில் சிரிப்புக் கூட என்கிறார்கள். அது எனக்கும் தெரியும்.

இனி எழுதப் பயமான ஒன்றை எழுதுகிறேன். என் தாயின் முதல் கடகம் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் நண்டு வருவதும் நினைவிருக்கிறது. நடுக் கடகத்தில் அவவின் குரல் தணிந்ததும், பெண்கள் எல்லாம் வெட்டுவதை நிறுத்தியதும் நினைவிருக்கிறது. அவ என்ன சொன்னா என்பது நினைவில்லை. அன்றைக்கு வாடியில் நான் சொன்னது என் தாய் சொன்னதுதானா, அல்லது கத்தி கையில் ஏறியதும் என் வாயில் வந்ததா என்று இரவு படுத்தால் யோசிக்கிறேன். "வள்ளமில்லாமக் கரைக்கு வந்தா நான் ஆர்" என்பது என் கதையில் முன்னமே இருந்ததா? என் மருமகனும் பிறகு அதே போல ஒன்றைத்தான் சொன்னார். நானாகக் கட்டியது என்றால், நான் கட்டிய ஒன்றை நம்பித்தான் இரண்டு போட் தெற்கே போயிருக்கிறது.

மலரில் இடம் போதாவிட்டால் தலையிலோ வாலிலோ குறையுங்கள். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் என்று நான் எழுதியது சரிதானா என்பதை என் மருமகனிடம் ஒருக்காக் கேட்டுத் திருத்துங்கள், எனக்கு வடக்கும் தெற்கும் மாறிப்போகும். குச்சவெளிப் பக்கமோ வெருகலுக்கு அப்பாலோ இந்தக் கதை தெரிந்த வயதுபோன பெண்கள் இருந்தால், நடுக் கடகத்தில் துணிந்தவன் என்ன சொன்னான் என்று அவர்களிடம் விசாரித்து, யாராவது எனக்கு வந்து சொல்ல வேண்டும்.